மாலை போட்ட மறுநாள்

ஆத்தங்குடியில் பூக்கல் போடும் பட்டறையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வண்ணச் சிமெண்ட் கலவையைச் சின்னக் கரண்டியால் ஊற்ற வேண்டும். கை கொஞ்சம் ஆடினாலும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். ஓடிய கல் ஓடியதுதான், திருத்த முடியாது. என் கை ஆட ஆரம்பித்தபோதுதான் எனக்குள் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று புரிந்தது.

பயம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கூட்டமான பஸ்ஸில் ஏறினால் நெஞ்சு அடிக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருக்கும். இருபத்து நாலு வயதில் ஒரு விசேஷ வீட்டில் முதன்முதலாகக் குடித்தேன். அரை மணி நேரத்தில் அந்தப் படபடப்பு மொத்தமும் இறங்கிவிட்டது. மற்றவர்களெல்லாம் தினமும் இப்படித்தான் இருக்கிறார்களா என்று ஆச்சரியமாக இருந்தது. அன்றிலிருந்து அது எனக்கு மருந்து. அப்படித்தான் நினைத்தேன்.

விசேஷத்துக்கு மட்டும் என்று இருந்தது சனிக்கிழமை ஆனது, அப்புறம் தினமும் ஒரு குவாட்டர். தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடன் வட்டி ஏறிய வருடம் அது ஆஃப் ஆனது. அந்தச் சமயத்தில்தான் ராத்திரி விழிப்பு தொடங்கியது. பத்து மணிக்கு அடித்துப் போட்டது போலத் தூங்குவேன். மூன்றரை, நாலு மணிக்குச் சட்டென்று கண் திறக்கும். நெஞ்சு திடுதிடுவென்று அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும், யாரோ சாகப்போகிறார்கள் என்பது போல ஒரு பயம். கடனை நினைத்துத்தான் இப்படி என்று முடிவு செய்துகொண்டேன். கடை மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால், காலைக்கென்று கொஞ்சம் மீதம் வைக்கப் பழகினேன். ஒரு கட்டிங் உள்ளே போனால் கை நிற்கும், அச்சைத் தொடலாம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மாரடைப்போ என்று பயந்து ஒரு மருத்துவரிடம் போனேன். இசிஜி எடுத்தார், எக்கோ எடுத்தார். இதயம் நன்றாக இருக்கிறது, டென்ஷன்தான் என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். குடிப்பீர்களா என்று அவர் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. மாத்திரையும் சரக்கும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கிப்போகலாம் என்று பின்னால் தெரிந்தபோது எனக்கு உடம்பு கூசியது. மூன்று வாரம் இரண்டையும் சேர்த்தே எடுத்திருக்கிறேன். அந்த ஒரு கேள்வியை அவர் கேட்டிருக்கலாம் என்ற ஆதங்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

எங்கள் பக்கத்தில் குடியை விடுவதென்றால் வழி ஒன்றுதான். சாமி முன்னால் சத்தியம் செய்து கயிறு கட்டுவார்கள், இல்லையென்றால் பழனிக்கு மாலை போடுவார்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கூடிக் காவடியோடு பழனிக்கு நடப்பது இந்தச் சீமையில் தலைமுறை தலைமுறையாக வருவது. மாலை போட்டவன் தொட மாட்டான், ஊரும் அவனுக்கு ஊற்றாது. அது பெரிய பாதுகாப்பு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மார்கழியில் ஒரு ஞாயிறு ராத்திரி கடைசியாகக் குடித்துவிட்டு, திங்கள் காலை குளித்து மாலை போட்டுக்கொண்டேன். மனைவி அழுதாள். எனக்கும் உறுதியாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு கையும் உதற ஆரம்பித்தன. சோறு இறங்கவில்லை. ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. குடிக்காமல் இருந்தால் பயம் குறையும் என்று பார்த்தால், வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை. மறுநாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தது வரைதான் ஞாபகம். வலிப்பு வந்து கீழே விழுந்தேனாம். பக்கத்து வீட்டு அண்ணன் கையில் இரும்புச் சாவியைத் திணித்தாராம். மனைவிதான் என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-க்குப் போன் பண்ணியிருக்கிறாள். சாவியால் ஒரு பயனும் இல்லை, ஒருக்களித்துப் படுக்க வைத்ததுதான் சரி என்று அரசு மருத்துவமனையில் சொன்னார்கள்.

அங்கே வார்டு நர்ஸ் அக்கா முதலில் கேட்டதே, "தினமும் எவ்வளவுண்ணே? கடைசியா எப்ப?" என்பதுதான். உண்மையைச் சொன்னேன். ஒரு குவாட்டர் 180 மில்லி, அதில் சாராயச் சத்து மட்டும் அறுபது கிராம் பக்கம் இருக்கிறது, நான் அதைப் போல இரண்டு மடங்கு எடுத்திருக்கிறேன் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். தினமும் இவ்வளவு குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் ஆள் தெரியாமல், இல்லாததெல்லாம் தெரிகிற குழப்பம் வரலாம், அதில் உயிரே போகலாம். அன்று ராத்திரி எனக்கு வார்டுச் சுவரில் வண்ணங்கள் கலந்து ஓடுவது தெரிந்தது, அச்சை மீறி ஓடுகிற கலவை மாதிரி. கத்தினேனாம். தயாமின் என்ற வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள். உதறலையும் வலிப்பையும் அடக்குகிற குளோர்டயாசிபாக்சைடு மாத்திரையை முதல் நாள் அதிகமாகக் கொடுத்து, ஒரு வாரத்துக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள்.

மனநல மருத்துவர் வயதில் சின்னவர். ஆறாம் நாள் நிதானமாக உட்கார்ந்து பேசினார். நான் கேட்டது ஒன்றுதான்: "பயத்துக்குத்தானே சார் குடிச்சேன், அப்புறம் ஏன் பயம் கூடுச்சு?"

"உங்க ஊர்த் தேக்குக் கதவை நினைச்சுக்குங்க ஐயா," என்றார். வெளியே ஒருவர் தினமும் தள்ளுகிறார், உள்ளே இருப்பவர் கதவு திறக்காமல் இருக்க எதிர்த்துத் தள்ளித் தள்ளிப் பலசாலி ஆகிறார். வெளியே நிற்பவர் சட்டென்று விலகினால் உள்ளே இருப்பவர் கதவோடு வந்து விழுவார். மூளையில் அமைதிப்படுத்தும் காபா என்ற ஒன்றின் வேலையைக் குடி கூட்டுகிறது, உசுப்பிவிடும் குளூட்டமேட் என்பதை அமுக்குகிறது. தினமும் இது நடந்தால் மூளை ஈடுகட்டத் தன் பங்குக்கு உசுப்புவதைக் கூட்டிக்கொள்கிறது. சரக்கு இறங்கியதும் அந்த உசுப்பல் மட்டும் மிஞ்சும். என்னுடைய நாலு மணி அதுதான். ராத்திரி குடித்தது இறங்குகிற நேரம். வட்டிக்காரர் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

அதைக் கேட்டு நான் அழுதேன். எத்தனை விடியற்காலைகள் என் மனசைத்தான் குறை சொல்லிக்கொண்டேன்.

ஆனால் எல்லாப் பயமும் குடியின் வேலை இல்லை, அதையும் அவர் அப்போதே சொன்னார். நாலு வாரம் போல ஒரு சொட்டும் இல்லாமல் இருந்து பார்ப்போம், எது குடியோடு வந்தது, எது உங்களோடு பிறந்தது என்று பிரிந்து தெரியும் என்றார். முதல் பத்து நாள் தூக்கம் மோசம். ஒரு ராத்திரி தாங்காமல் 14416 என்ற டெலிமானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண்ணுக்குப் பேசினேன், தமிழிலேயே பேசினார்கள். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் கண் விழித்துப் பார்த்தால் ஜன்னலில் வெளிச்சம். மணி ஆறு. மனைவியை எழுப்பிக் காட்டினேன்.

மாதம் முடிந்தபோது நாலு மணி பயம் போயிருந்தது. பஸ் பயமும் பந்திப் பயமும் அப்படியே இருந்தன. அதற்கு செர்ட்ராலின் என்ற பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தார். வேலை செய்ய நாலு, ஆறு வாரம் ஆகும், முதல் சில நாள் பதற்றம் கொஞ்சம் கூடுவது போலவும் இருக்கலாம், விட்டுவிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொல்லாமல் இருந்திருந்தால் இரண்டாம் நாளே தூக்கி எறிந்திருப்பேன். கூடவே உளவியல் ஆலோசகரிடம் போனேன். காரைக்குடி டவுன் பஸ்ஸில் முதலில் ஒரு ஸ்டாப், அடுத்த வாரம் மூன்று ஸ்டாப் என்று போகச் சொன்னார். இப்போது தேவகோட்டை வரை நின்றுகொண்டே போய்விடுவேன்.

இடையில் மாமியார் நல்ல எண்ணத்தில் மனைவியிடம் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார், யாரோ விற்கிற மருந்தைத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடு என்று. அவள் மருத்துவரிடம் கேட்டுவிட்டாள். அப்படி விற்பவற்றில் டைசல்ஃபிரம் என்ற, குடியை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மருந்து இருக்கலாம், அது உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து இதயமே பாதிக்கலாம், சொல்லாமல் கொடுக்கவே கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார்.

ஏழாவது மாதம் மச்சான் வீட்டுத் துக்கத்தில் குடித்துவிட்டேன். ஒரு குவாட்டர். நாலு மணிக்கு அதே நெஞ்சடிப்பு வந்தது. ஆனால் இந்த முறை படுத்துக்கொண்டே, இது கடன் இல்லை, இது நேற்றுக் குடித்தது இறங்குகிறது, விடிந்தால் போய்விடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மத்தியானத்துக்குள் போனது. அந்த வாரமே மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

போன மாதம் பட்டறையில் எனக்கு அச்சு எடுத்துக் கொடுக்கும் தம்பி, வெள்ளிக்கிழமை கோவிலில் கயிறு கட்டிக்கொள்ளப் போகிறேன் அண்ணே என்றான். காலையில் அவன் கையை நான் பல நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "கயிறு கட்டு, நானும் கூட வர்றேன். அதுவரைக்கும் நீயா திடுதிப்புனு நிறுத்திடாத. நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வா" என்றேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் போனோம். கூட்டம் அதிகம். அவனுக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு நான் நின்றுகொண்டேன்.