அப்பாவின் வலது கை

சுங்கை சிப்புட், ஆகஸ்ட் 3, 2025

அப்பாவுக்குப் பக்கவாதம் அடித்து ஒன்றரை வருஷம். ஈப்போவிலிருந்து வந்த அண்ணன் ஒரு வீடியோ காட்டினார். வெளிநாட்டில் கழுத்துக்குப் பின்னால் ஒரு ஊசி போட்டு, தலையைத் தாழ்த்திப் படுக்க வைக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் கை தூக்குகிறார் ஒருவர். சேமநிதிப் பணத்தை எடுத்துவிடலாம் என்கிறார் அண்ணன். அப்பா அதை மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 5

மருந்தின் பெயர் எட்டனர்செப்ட். மூட்டுவாதத்துக்குப் போடுவது. மூளையில் ரத்தம் அடைபட்ட இடத்துக்கு எதிர்ப்பு அணுக்கள் திரண்டு வர, அந்த அழற்சியில் அக்கம்பக்கத்தில் பிழைத்துக் கிடக்கும் செல்களும் கெடுகின்றன. அதைக் கிளறிவிடும் டிஎன்எஃப் என்ற புரதத்தை இந்த ஊசி கட்டிப்போடுகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் செத்த செல்களை அள்ளிக் காயத்தை ஆற்றுவதும் அதே அழற்சிதானே! அந்த அணுக்கள் திரளாமல் தடுக்க என்லிமோமாப் என்ற மருந்தைப் பக்கவாதம் வந்த 625 பேரிடம் சோதித்து 2001இல் முடிவு வெளியிட்டார்கள். மருந்து ஏறியவர்களில்தான் சாவு அதிகம். படித்துவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 6

கிளினிக், பிசியோ. மழை.

ஆகஸ்ட் 10

கிடைத்துவிட்டது. இதே ஊசியை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 126 பேரிடம் சோதித்திருக்கிறார்கள். எல்லாரும் அப்பாவைப் போல வாதம் வந்து ஓராண்டு கடந்தவர்கள். பாதிப்பேருக்கு மருந்து, மீதிப்பேருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவர்களுக்கே தெரியாது. 28 நாள் கழித்துப் பார்த்தால், மருந்து பெற்றவர்களில் 53% பேர் தேறியிருந்தார்கள். மருந்தில்லாத ஊசி பெற்றவர்களில் 58%.

வீடியோவில் கை தூக்கியவர் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். நம்பிக்கையோடு போட்டுக்கொண்ட வெறும் ஊசியிலும் அத்தனை பேருக்குத் தேவலாம் போலிருந்திருக்கிறதே.

ஆகஸ்ட் 12

அண்ணனிடம் போனில் சொன்னேன். “அப்போ அழற்சி மருந்தே வீணா?” என்றார். அப்படியில்லை. சீனாவில் 1,724 பேரிடம் நடந்த சோதனையில், வாதம் வந்து 72 மணி நேரத்துக்குள் அழற்சியையும் தணிக்கும் மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தொடங்கியவர்களில் 52.6% பேர் 90 நாளில் நன்றாகத் தேறினார்கள், மற்றவர்களில் 47.4%. சின்ன வித்தியாசம்தான், ஆனாலும் எனக்குப் பெரிய ஆறுதல். அப்பாவுக்கு அந்த நேரம் எப்போதோ போய்விட்டது. அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “சரி, பணம் அப்படியே இருக்கட்டும்” என்றார்.

ஆகஸ்ட் 16

அப்பாவிடம் சொல்லத்தான் நாலு நாளாயிற்று. ஊசி வேண்டாம்பா என்றேன். தலையாட்டினார். ரப்பர் பால் பிடிக்கும் பழைய மங்கு ஒன்றை, அந்தச் சின்னக் கிண்ணத்தை, வலது கையில் கொடுத்தேன். முப்பது வருஷம் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டிய விரல்கள். கட்டைவிரல் மட்டும் விளிம்பைத் தேடிப் பிடித்தது. மேசையிலிருந்து ஒரு சாண் உயர்ந்து, சாய்ந்து, திரும்ப இறங்கியது. பதினோரு தடவை.

“நாளைக்கித் தண்ணி ஊத்தி வை” என்றார்.