ஓடைக்கரையில் முதலில் நொச்சி, அப்புறம்தான் மருது

ஓடைக்கரையில் மரம் நடலாம் என்றதும் எல்லோரும் நர்சரிக்கு ஓடுகிறார்கள். அதற்கு முன் கரையில் நடந்து, போன மழைக்கு வெள்ளம் எதுவரை ஏறியது என்று பாருங்கள். வேலி முள்ளில் சிக்கிக் காய்ந்து தொங்கும் செத்தை காட்டிக்கொடுக்கும். அந்த மட்டத்துக்குக் கீழே மரக்கன்று வேண்டாம். சரிவில் குழி வெட்டினால் இளகிய மண்ணில்தான் அரிப்பே தொடங்கும்.

கீழ்ச்சரிவு நொச்சிக்கு. பெருவிரல் தடிமனில், ஒன்றரை அடி நீளத்தில் போத்து (நடுவதற்கான கிளைத்துண்டு) வெட்டுங்கள். அடியைச் சாய்வாகவும் நுனியைத் தட்டையாகவும் வெட்டினால் தலைகீழாக நடும் தவறு நேராது. கடப்பாரையால் துளையிட்டு, ஓர் அடி மண்ணுக்குள் போகும்படி, இரண்டடிக்கு ஒன்றாக ஊன்றி, சுற்றிலும் காலால் நன்றாக மிதியுங்கள். உள்ளே காற்றிடம் இருந்தால் வேர் விடாது. ஆவணி மழையிலேயே நட்டால்தான் ஐப்பசி வெள்ளத்துக்குள் வேர் பிடிக்கும். நொச்சியை ஆடு கடிக்காது. பாதிக் காவல் செலவு மிச்சம். அதற்கும் கீழே, தண்ணீரை ஒட்டி வெட்டிவேர். நாணலும் மண்ணைப் பிடிக்கும், ஆனால் பக்கத்து வயலுக்குள் புகுந்துவிடும்.

மேல்கரையில் மறு வருடம் புரட்டாசியில் நீர்மருது, புங்கன், நாவல், இலுப்பை. பதினைந்தடி இடைவெளி, ஒன்றரை அடிக் குழி, ஒரு கூடை மட்கிய தொழுவுரம் போதும். நாவல் விதையைக் காயவைத்துச் சேமிக்க நினைக்காதீர்கள். பழம் தின்ற சூட்டோடு பையில் ஊன்ற வேண்டும். இலுப்பையும் அப்படியே.

மருது வாங்கும்போது கவனம். வெறுமனே மருது என்று கேட்டால் கருமருது வந்துவிடலாம். கன்றில் வித்தியாசம் தெரியாது, தாய்மரத்தைக் கேளுங்கள். வெளிறிய வழவழப்பான பட்டை என்றால் நீர்மருது, முதலைத்தோல் போல வெடித்துக் கறுத்திருந்தால் கருமருது. ஆளுயரக் கன்றைவிட இரண்டடிக் கன்றே மேல். பையில் நாள்பட்ட கன்றின் ஆணிவேர் அடியில் சுருண்டிருக்கும். அந்தச் சுருளை வெட்டாமல் நட்டால், சில வருடம் தழைத்துவிட்டு ஒரு வெள்ளத்தில் அடியோடு சாயும்.

கரையில் சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தால் ஒரே கோடையில் மொத்தத்தையும் பொக்லைன் விட்டுப் பிடுங்காதீர்கள், அடுத்த மழையில் கரையும் போய்விடும். துண்டு துண்டாக வெட்டி, அந்த இடத்தில் நொச்சி பிடித்த பிறகு அடுத்த துண்டுக்குப் போங்கள். நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்டினால் கரையிலேயே குவிக்கக் கூடாது. ஒரு சாண் தண்டு ஈரத்தில் கிடந்தாலும் துளிர்த்துவிடும்.