சிவப்பு ஒயினில் வேகவைத்த பேரிக்காய்

பேரிக்காயைச் சிவப்பு ஒயினில் வேகவைத்துச் செய்யும் இனிப்பைப் பிரான்சின் பர்கண்டி, போஜொலே வட்டாரங்களோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆனால் 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் கையெழுத்துப் பிரதிகளிலும் ‘வார்டன்’ என்னும் பேரிக்காயை ஒயினிலும் பட்டையிலும் வேகவைக்கும் முறை காணப்படுகிறது. வார்டன் பச்சையாகத் தின்பதற்கு ஏற்றதல்ல. அடுப்பில் ஏற்றினால்தான் இளகும் கடினமான வகை. இந்த இனிப்பைச் செய்ய விரும்புவோரிடம் நான் முதலில் வலியுறுத்துவதும் இதைத்தான்: பழுத்துக் கனிந்த பழத்தை இதற்கு எடுக்கக் கூடாது.

பேரிக்காய் உள்ளிருந்து வெளிப்புறமாகப் பழுக்கும். வயிற்றுப் பகுதி விரலுக்கு இளகிக் கொடுக்கும்போது நடுப்பகுதி ஏற்கெனவே குழைந்திருக்கும். எனவே காம்பையொட்டிய கழுத்தை அழுத்திப் பார்க்க வேண்டும். அங்கே சற்றும் இளகாத பழமே இதற்கு உகந்தது. பழச் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் பழுக்கும்போதே சிதையத் தொடங்கிவிடுகிறது. எஞ்சியதையும் சூடு கரைத்துவிட்டால் பழம் கூழாகிவிடும். காயான பழமோ, ஒயினின் புளிப்பும் சர்க்கரையும் துணைநிற்க, அரை மணி நேரம் வெந்தாலும் வடிவம் குலையாமல் நிற்கும். போஸ்க், கான்ஃபரன்ஸ் ஆகிய வகைகள் இதற்கு மிகவும் ஏற்றவை.

ஒயினில் துவர்ப்பு குறைவாக இருக்க வேண்டும். கடைசியில் பாகைச் சுண்டக் காய்ச்சும்போது துவர்ப்பும் சேர்ந்தே செறிவதால், பர்கண்டியின் பினோ நுவார், போஜொலேயின் கமே போன்ற மென்மையான ஒயின்களே நன்றாக அமைகின்றன. விலை உயர்ந்த புட்டி தேவையில்லை. அதன் நுட்பமான மணம் அடுப்பிலேயே போய்விடும்.

ஆறு பேரிக்காய்களுக்கு 750 மில்லி ஒயின், 150 கிராம் சர்க்கரை, ஒரு துண்டுப் பட்டை, மூன்று கிராம்பு, ஓர் அன்னாசிப்பூ, சில மிளகுகள், வெள்ளைப் பகுதி ஒட்டாமல் சீவிய ஆரஞ்சுத் தோல் ஆகியவை போதும். கிராம்பு கூடினால் வேறு எந்த மணமும் எழாது. மெல்லிய சுருள்களாக வரும் இலங்கைப் பட்டையையே நான் விரும்புகிறேன். தடித்த பட்டையின் காரம் பழத்தின் மணத்தை மறைத்துவிடுகிறது.

காம்பை விட்டுவிட்டுத் தோலை மட்டும் நீளவாக்கில் சீவ வேண்டும். பழங்கள் நெருக்கமாக அடங்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் ஒயினையும் சர்க்கரையையும் மசாலாவையும் சூடாக்கி, சர்க்கரை கரைந்ததும் பழங்களை இறக்கலாம். புளிப்பு அலுமினியத்தோடு வினைபுரியும் என்பதால் அந்தப் பாத்திரம் வேண்டாம். பழங்கள் மிதந்து மேற்பகுதி வெளுத்துப்போகாமலிருக்க, வட்டமாக வெட்டிய பேக்கிங் காகிதத்தை மேலே படிய வைக்க வேண்டும். தளதளவெனக் கொதிக்க விடாமல், ஓரத்தில் சிறு குமிழிகள் மட்டும் எழும் சூட்டில், 25 முதல் 40 நிமிடங்கள் வரை, கத்தி முனை தடையின்றி இறங்கும்வரை வேகவைக்க வேண்டும்.

அடுப்பை அணைத்தவுடன் பரிமாறும் பேரிக்காய் பாதி வேலை முடிந்த பேரிக்காய்தான். அதை அப்போது வெட்டினால் ஓரத்தில் மெல்லிய சிவப்பு விளிம்பும் உள்ளே வெளுத்த சதையுமே தெரியும். ஒயினுக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் பழத்துக்குள் மெதுவாகத்தான் ஊடுருவுகிறது. சர்க்கரையும் மசாலாவின் மணமும் அப்படியே. ஆறியபின் அதே ஒயினில் மூழ்கியபடி குளிர்பெட்டியில் ஓர் இரவு முழுவதும் இருந்தால் நிறம் ஆழமாக இறங்குவதோடு சதைக்கும் பாகின் சுவை வந்துவிடும். இந்த ஊறலைச் சுருக்க ஒரு குறுக்குவழியும் எனக்குத் தெரியவில்லை; சுருக்கவும் வேண்டாம் என்பேன்.

மறுநாள் பழங்களை எடுத்துவிட்டு, ஒயினை வடிகட்டிப் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்ச வேண்டும். கரண்டியின் பின்புறத்தில் படியும் நிலையிலேயே நிறுத்திவிடலாம். கம்பிப் பதம்வரை போனால் ஆறியதும் இறுகிவிடும்.

அரை மணி நேரம் வேகவைத்தால் ஆல்கஹால் முழுவதும் ஆவியாகிவிடும் என்பது தவறான எண்ணம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எஞ்சியிருக்கக்கூடும். விருந்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது அவசியம். குழந்தைகளுக்கும் மது அருந்தாதவர்களுக்கும் மாதுளைச் சாற்றில் எலுமிச்சை சேர்த்துத் தனியாக வேகவைக்கலாம். சாற்றிலேயே இனிப்பு இருப்பதால் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

பரிமாறும்போது இனிப்பில்லாத கெட்டிக் கிரீம் ஒரு கரண்டி போதுமானது. ஐஸ்கிரீமை நான் சேர்ப்பதில்லை. அதன் இனிப்பு ஒயினின் புளிப்பை மழுங்கடித்துவிடும்.