லிஃப்ட் குழியில் நெளிந்தவை

"சார், இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டார் கொசு ஒழிப்புக்கு வரும் அக்கா.

சென்னை மேடவாக்கத்தில் எங்கள் பக்கத்து மனையில் நான்கு மாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. லிஃப்டுக்குத் தோண்டிய குழியில் முழங்கால் அளவு தண்ணீர். நீளக் கரண்டியால் மொண்டு டார்ச் அடித்தார்.

தெளிந்த தண்ணீர். குடிக்கலாம் போல இருந்தது. அதற்குள் நூல் துண்டுகள் போலப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. வெளிச்சம் பட்டதும் சுருண்டு சுருண்டு அடியில் இறங்கின.

சாக்கடைக் கொசு இல்லை இது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ். நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். முட்டை காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும்; தண்ணீர் பட்டால் பத்து நாளில் கொசு.

சென்னையின் மலேரியாவும் இப்படித்தான். அதைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி, கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் பெருகும் நகரத்துக் கொசு. 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியிலும் அது தென்பட்டது, அப்புறம் எத்தியோப்பியாவிலும்.

கட்டடம் வரும் வேகத்தில் குழாய் வருவதில்லை. எங்கள் தெருவில் லாரித் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்காத வீடே கிடையாது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு என்ன செய்வார்கள்?

குழிக்கு நாலடி தள்ளித் தகரக் கொட்டகை. கட்டட வேலைக்கு வந்த குடும்பம். தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு.

அக்கா குழியில் மருந்தை ஊற்றினார். தூளியின் மேல் ஒரு சேலையை இழுத்துப் போர்த்திவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போனார்.