செல்ஃப் எடுத்தால் போதுமா?

பைக் பேட்டரி என்றாலே நம்ம ஆட்களுக்கு செல்ஃப் ஸ்டார்ட் மட்டும்தான் ஞாபகம் வரும். பட்டனை அழுத்தினால் வண்டி எடுக்குதா, சரி, பேட்டரி நல்லா இருக்கு. எடுக்கலையா, ரெண்டு உதை உதைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். கார்புரேட்டர் வண்டிக்கு அது சரி. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி கட்டாயமான பிறகு கிட்டத்தட்ட எல்லா வண்டியும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன்தான், பெட்ரோல் பம்ப், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், எஞ்சினைக் கவனிக்கும் குட்டி கம்ப்யூட்டரான இசியூ எல்லாம் கரண்ட்டை நம்பி ஓடுகிறவை, போதாக்குறைக்குப் பல மாடல்களில் கிக்கரையே எடுத்துவிட்டார்கள். சார்ஜ் ஏறாமல் பேட்டரி வடிந்துகொண்டே வந்தால் பைபாஸில் லாரிக்கு முன்னால் எஞ்சின் அணையவும் வாய்ப்பு உண்டு. வோல்டேஜ் ரொம்ப இறங்கினால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸும் விளக்கை எரியவிட்டு வேலை செய்வதை நிறுத்திவிடும். பிரேக் பிடிக்கும், ஆனால் மழை ரோட்டில் சக்கரம் லாக் ஆனால் கேட்க ஆள் இல்லை.

பேட்டரி சட்டென்று சாவது குறைவு, முன்கூட்டியே சொல்லும். ராத்திரி சிக்னலில் நிற்கும்போது இண்டிகேட்டரைப் போட்டு, பிரேக்கைப் பிடித்து, ஹாரனை அடித்துப் பாருங்கள். ஹாரன் தொண்டை கட்டின மாதிரி கம்முகிறதா, இண்டிகேட்டரின் துடிப்பு தடுமாறுகிறதா, கவனிக்க வேண்டிய நேரம் வந்தாச்சு.

உடனே புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். சில நூறு ரூபாய்க்கு வோல்டேஜ் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் கிடைக்கும், அதை வாங்குங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் பேட்டரியில் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கணும். 12.4-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடணும். அப்புறம் எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 13.5-லிருந்து 14.5-க்குள் காட்டணும். அதுக்குக் கீழேயே நின்றால் கோளாறு கரண்ட் தயாரிக்கும் காயிலிலோ, அதை பேட்டரிக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தரும் ரெக்டிஃபயரிலோ, வயரிங்கிலோ இருக்கும், எத்தனை புது பேட்டரி மாட்டினாலும் அதுவும் படுத்துவிடும். 15-ஐத் தாண்டினாலும் ரெக்டிஃபயரைப் பார்க்கணும், ஓவர் சார்ஜ் ஆகி பேட்டரி வெந்துவிடும்.

பல நேரம் இவ்வளவு தூரம் போகவே வேண்டாம். சீட்டைக் கழற்றிப் பார்த்தால் டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கும், போல்ட் கையாலேயே ஆடும், விஷயம் அவ்வளவுதான். முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள், மாட்டும்போது அதையே கடைசியில் மாட்டுங்கள். மாற்றிச் செய்தால் பாசிட்டிவ் போல்ட்டைத் திருகும்போது ஸ்பேனர் சேஸிஸில் பட்டுப் பொறி பறக்கும். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலைன் தடவினால் முடிந்தது.

தண்ணி ஊற்றும் ரகமாக இருந்தால் வெயில் காலத்தில் அடிக்கடி லெவல் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், கேன் தண்ணி வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் ஆசிட் வழிந்து செயினையும் சேஸிஸையும் அரிக்கும். ஓவர்ஃப்ளோ டியூப் எங்காவது மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று அப்படியே ஒரு பார்வை. மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரியைத் திறக்கவே வேண்டாம்.

சார்ஜ் போடுவதற்கும் ஒரு அளவு உண்டு. 5 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரிக்கு அரை ஆம்பியர், அதாவது பத்தில் ஒரு பங்கு, மெதுவாக ஏறினால் போதும். கார் சார்ஜரை மாட்டிச் சீக்கிரம் ஏற்றித் தருகிறேன் என்று சொல்லும் கடைப்பக்கம் போகாதீர்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியே வரும், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது.

நிறைய பேர் சொல்லாமல் விடுவது எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் பற்றி. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் எஞ்சின் ஓடினால் ஹெட்லைட்டும் எரிந்துகொண்டேதான் இருக்கும், அணைக்க சுவிட்ச் இல்லை. அதுக்கு மேல் ஃபாக் லேம்ப், மொபைல் சார்ஜர், பஸ் ஹாரன் என்று ரிலே (பெரிய கரண்ட்டைத் தாங்கும் தனி சுவிட்ச்) கூட இல்லாமல் வயரைக் கிள்ளி மாட்டிக்கொண்டு, சிக்னலுக்கு சிக்னல் ஐடிலில் நின்றால் பேட்டரிக்கு ஏறுவதை விட இறங்குவதுதான் அதிகம். ஊருக்குப் போய் வண்டி வாரக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.