ரைன்பெக் கம்பளித் திருவிழாவில் ஒரு வார இறுதி

நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் பள்ளத்தாக்கில் உள்ள ரைன்பெக் என்னும் சிற்றூரில், ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தின் மூன்றாவது வார இறுதியில், டச்சஸ் கவுண்டி பொருட்காட்சித் திடலில் ஆடு, கம்பளித் திருவிழா நடைபெறுகிறது. இதற்கென்றே புதிய ஸ்வெட்டர் ஒன்றைப் பின்னி அணிந்து வருவது அங்கு வழக்கம். யார் எந்த மாதிரியைப் பின்னியிருக்கிறார் என்பதை நுழைவாயில் வரிசையிலேயே கண்டுகொண்டு, முன்பின் தெரியாதவர்களும் பேச்சுக் கொடுக்கிறார்கள். நியூஜெர்சியில் வாழும் தோழிகள் நால்வரும் சேர்ந்து இம்முறை போய்வந்தோம்.

சாயமேற்றிய நூல் விற்கும் கடைகளில்தான் கூட்டம் நெருக்கியடிக்கிறது. அவற்றை நான் விரைவாகவே கடந்துவிட்டேன்; அத்தகைய நூலை வீட்டில் இருந்தபடியே வரவழைத்துவிடலாம். நேரில் போய்த்தான் தீர வேண்டியது, கத்தரித்தபின் துவைக்காத ஆட்டுரோமம் விற்கும் இடத்துக்கு. கொழுப்புப் பிசுக்கும் புல் துணுக்குமாக இருக்கும் அந்த ரோமத்தைச் சிறிது நேரம் அளைந்தாலே, லானோலின் என்னும் அந்தக் கொழுப்பு ஏறிக் கை வழவழத்துவிடுகிறது.

எங்களுள் ராட்டையில் நூற்பவள் ஒருத்திதான். அவள் ஒரு சிறு கற்றையை இரு முனைகளிலும் பிடித்து, காதருகே வைத்துச் சுண்டி இழுத்துக் காட்டினாள். தெளிவாக ஒலித்தால் இழை உறுதியானது என்று பொருள். சடசடவென்று கேட்டால், ஆடு நோயுற்றோ தீனி குறைந்தோ இருந்த காலத்தில் வளர்ந்த பகுதி மெலிந்திருக்கிறது, சீவும்போது அந்த இடத்தில் அறுந்துவிடும். வண்ணத்தைப் பார்த்தே நூல் வாங்கிப் பழகிய எனக்கு, கம்பளியைக் காதால் சோதிப்பது பெரும் வியப்பாக இருந்தது.

மெரினோ ஆட்டின் இழை 20 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் மென்மையாக இருந்தாலும், அதில் பிசுக்கு அதிகம் என்பதால், துவைத்தபின் எடையில் பாதிகூடக் குறைந்துவிடலாம். ரோமமோ எடைக்கணக்கில் விற்கப்படுகிறது. ரோம்னி ஆட்டின் இழை 30 மைக்ரானுக்கு மேல் தடித்தது. ஆனால் நீளமானது, பிசுக்குக் குறைந்தது, கற்றுக்கொள்பவர் கைக்கும் அடங்குவது. எனவே சாம்பல் நிற ரோம்னி ஆடு ஒன்றின் ரோமத்தையே வாங்கினோம். வறுத்த ஆர்ட்டிசோக்குக்கு நின்ற வரிசை மட்டும் பொறுமையைச் சோதித்தது. உண்டபின் அந்தக் குறை இல்லை.

இனி அதைத் துவைக்க வேண்டும். நல்ல சூடான சோப்பு நீரில் அசைக்காமல் ஊறவிட்டால் பிசுக்கு உருகிப் போகும்; கசக்கினாலோ இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று சிக்கி, முழுவதும் தடித்த கம்பளமாக இறுகிவிடும். ஒரே ஆட்டின் ரோமத்திலும் தோள்பகுதி மெல்லியது, தொடைப்பகுதி முரடானது என்பதால் பங்கு பிரிப்பதில் சிறு வழக்கு எழுந்தது. துவைக்கும் வேலையை ஏற்பவருக்கே தோள்பகுதி என்று காரிலேயே தீர்ப்பாயிற்று. இதுவரை எவரும் முன்வரவில்லை.