நான் பூட்டமாட்டேன் என்று சொன்ன மட்கார்ட்

பைக் சுகமாகத் திரும்பி வந்துவிட்டது. அதுதான் எனக்குப் பிரச்சினை. வழியில் எங்கேயாவது அந்த மட்கார்ட் உடைந்திருந்தால், "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு வரியில் கதையை முடித்திருப்பேன். அப்படி நினைக்கக்கூடாது, தெரியும். ஆனாலும் நினைப்பு வருகிறது.

என் கராஜுக்கு வாடிக்கையாக வருகிற ஒரு தம்பியின் பைக், ரோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411. பின்சில்லுக்கு மேலே, சில்லைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குகிற ஸ்விங் ஆமில் பூட்டுகிற சின்ன மட்கார்ட், பொடியள் ஹக்கர் என்று சொல்வது. சென்னையிலிருந்து யாரோ சொந்தக்காரர் சூட்கேஸுக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இப்படி வந்த சாமான்கள்தான் அதிகம். திருப்பிக் கொடுக்க முடியாது, மாற்ற முடியாது. சூட்கேஸுக்குள் எதன் கீழேயோ நசிந்து, இடது பக்க விளிம்பு கொஞ்சம் உள்ளே வளைந்தும் இருந்தது. பாக்கெட்டில் நான்கு போல்ட். அதில் ஒன்று தேவையில்லாத நீளம். ரப்பரும் இல்லை, ரப்பருக்குள் போகிற புஷ் என்கிற சின்ன இரும்புக் குழாயும் இல்லை. புஷ் இல்லாமல் பிளாஸ்டிக்கை நேரே இறுக்கினால் ஓட்டையைச் சுற்றி வெடிப்பு விழும். வெடிக்கும் என்று பயந்து இறுக்காமல் விட்டால் அதிர்விலேயே போல்ட் கழன்று விழும். ஆறு மில்லிமீற்றர் போல்டுக்கு 10 நியூட்டன் மீற்றர் இறுக்கம் போதும், ஆனால் அந்தப் பத்தைத் தாங்க உள்ளே அந்த இரும்புக் குழாய் வேண்டும்.

இதெல்லாம் சின்ன விஷயம். கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் பத்துக் கடை ஏறி இறங்கினால் புஷ் கிடைத்துவிடும். என்னை நிறுத்தியது டயர்.

அந்த பைக்குக் கம்பனி போட்ட பின் டயர் 120/90-17. தம்பி மாற்றியிருந்தது 140/80-17, அதுவும் கட்டை கட்டையாகப் பல் வைத்தது. கணக்கு லேசானது. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை வீதம் டயரின் உயரம் என்பது. 120இல் 90 வீதம் 108. 140இல் 80 வீதம் 112. உயரத்தில் 4 மில்லிமீற்றர் கூடுகிறது, அகலத்தில் 20. மட்கார்ட் செய்தவன் பழைய அளவை வைத்துத்தான் அச்சு வார்த்திருப்பான். முன் விளிம்புக்கும் டயருக்கும் இடையில் என்னுடைய சுண்டுவிரல் போகவில்லை. குறைந்தது 10 மில்லிமீற்றர் இடைவெளி இல்லாமல் நான் எதையும் பூட்டுவதில்லை. வேகத்தில் டயர் கொஞ்சம் விரியும், களி ஒட்டும், பல்லுக்குள் கல் சிக்கும்.

புஷ் வைத்துத் தூக்கிப் பூட்டலாமே என்று யாரும் கேட்பார்கள். தம்பியும் கேட்டார். இங்கேதான் பலருக்கு விளங்காத ஒன்று இருக்கிறது. பார்க்க வேண்டிய இடைவெளி இரண்டு. ஒன்று டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில். ஸ்விங் ஆமில் பூட்டியிருப்பதால் மட்கார்ட் சில்லோடு சேர்ந்தே ஏறி இறங்கும், எத்தனை பள்ளத்தில் விழுந்தாலும் அந்த இடைவெளி மாறாது. மற்றது மட்கார்டின் முதுகுக்கும் சீற்றுக்கு அடியில் இருக்கிற உடம்புக்கும் நடுவில். அதிர்வைத் தாங்குகிற ஷொக் அமுங்க அமுங்க அது குறைந்துகொண்டே வரும். அந்த பைக்கின் பின்சில்லுக்கு 180 மில்லிமீற்றர் ஏறி இறங்க இடம் விட்டிருக்கிறார்கள். ஸ்டாண்டில் நிற்கும்போது நிறைய இடம் இருப்பதுபோல் தெரியும். இரண்டு பேர் ஏறி, இரண்டு பக்கமும் பெட்டி கட்டி, ஒரு பள்ளத்தில் விழுந்து பார்க்கவேண்டும். நான் தூக்கினால் கீழே இடிக்காது, மேலே இடிக்கும். தலையை மூடினால் கால் தெரிகிற போர்வை. முறையாகச் செய்வதென்றால் ஷொக்கைக் கழற்றி, சில்லைக் கையால் கடைசிவரை தூக்கி அளந்து, விளிம்பை வெட்டி, புதிதாக ஒரு பிராக்கெட் அடிக்கவேண்டும். ஒரு பின்னேரத்து வேலை இல்லை அது.

"நாளைக்கு விடிய வெளிக்கிடுறம் அண்ணா. ஒரு மட்கார்ட்தானே, பூட்டிவிடுங்கோ."

போகிற பாதையும் சொன்னார். புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, மன்னார், அங்கிருந்து பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம், யாழ்ப்பாணம். திரும்பும்போது முல்லைத்தீவு, திருகோணமலை. ஹைவேயில் மோட்டார் சைக்கிளை விடமாட்டார்கள் என்பதால் எல்லாம் சாதாரண ரோட்டுத்தான். மாரிகாலம். பின்னுக்கு இருக்கப்போவது மனைவி. போன தடவை அவருடைய முதுகும் பையும் சேறாகிப்போனதால்தான் இந்த மட்கார்டே வந்தது.

நான் பூட்டமாட்டேன் என்றேன். வந்த பிறகு கொண்டுவாங்கோ, ஆறுதலாகச் செய்வோம் என்றேன். அதுவரை பேச்சு சரியாகத்தான் போனது. அப்புறம் அவர் மனைவி, வாசலில் நின்றபடியே, ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணா, இதைப் பூட்டாமல் போனால் ஆபத்தா, பூட்டிக்கொண்டு போனால் ஆபத்தா?"

"பூட்டாமல் போனால் உங்கட உடுப்பு ஊத்தையாகும் தங்கச்சி. அவ்வளவுதான்."

அவர் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. மட்கார்டைப் பையில் போட்டுக்கொண்டு, சரி அண்ணா என்று சொல்லிப் போய்விட்டார்.

இந்த இரண்டு வரியைத்தான் நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளை கேட்டது இரண்டு கேள்வி. நான் பதில் சொன்னது ஒன்றுக்கு. மற்றதற்கு என்ன சொல்லியிருப்பேன்? போல்ட் ஒன்று விழுந்தால் மட்கார்ட் சரிந்து டயருக்குள் இழுபடும், பின்சில்லு சுற்றாமல் இறுகிக்கொள்ளும், ஈர ரோட்டில் பைக் ஆளை எறியும். அல்லது விளிம்பு நகர்ந்து பிரேக் ஒயில் போகிற ஹோஸில் உரசி உரசி அதைத் தின்னும். அல்லது ஒன்றும் ஆகாது. மூன்றும் உண்மை. விடிந்தால் பயணம் போகப்போகிற பெண்ணிடம் முதல் இரண்டையும் சொல்ல வாய் வரவில்லை. பகிடியாகச் சொன்னது பயமுறுத்தாமல் இருக்கத்தான். அதே பகிடி, மனைவிக்கு முன்னால் தம்பியைச் சின்னப்படுத்தியும் இருக்கலாம். உடுப்பு ஊத்தையாவதற்காகவா இவ்வளவு பாடு என்று அவருக்குக் கேட்டிருக்கும். எனக்கு அப்படி எண்ணம் இல்லை. கேட்பவர் காதுக்கு எண்ணம் தெரியாது.

அன்று பின்னேரமே வேறு ஒரு கடையில் பூட்டியிருக்கிறார்கள். அரைமணி நேரத்தில்.

திரும்பி வந்ததும் சேர்விஸுக்கு என்னிடம்தான் கொண்டுவந்தார். கோபம் ஒன்றும் இல்லை, பனங்கட்டிக் குட்டான் ஒன்றும் தந்தார். "பாருங்கோ அண்ணா, ஒண்டும் நடக்கேல்லை." நான் குந்தியிருந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். மட்கார்டின் உள்பக்கம், முன் விளிம்பு ஓரமாக, இரண்டு விரல் அகலத்துக்குக் கண்ணாடிபோலப் பளபளவென்று ஒரு கோடு. மற்ற இடமெல்லாம் காய்ந்த களி, அந்தக் கோட்டில் மட்டும் ஒரு துளி மண் இல்லை. டயர் அதைத் தானே செதுக்கித் தனக்கு இடம் எடுத்திருக்கிறது. வலது பக்கப் போல்ட் ஒன்றைக் காணவில்லை. அந்த இடத்தில் கறுப்புக் கேபிள் டை. ஹோஸ் தப்பியிருந்தது.

இதைக் காட்டி நான் சொன்னது சரி என்று வாதாடலாம். அவரும் அதையே காட்டித் தான் சொன்னது சரி என்று வாதாடலாம். உரசியது, ஆனால் உரசி முடிந்துவிட்டது. நான் பயந்தது நடந்தும் இருக்கிறது, நடக்காமலும் இருக்கிறது.

என் கராஜில் நிற்கிற பொடியன் அதிகம் பேசமாட்டான். அன்று சாப்பிடும்போது சொன்னான்: "நாங்கள் பூட்டியிருந்தால் கேபிள் டை கட்டியிருக்கமாட்டம் அண்ணை."

அது உண்மை. நான் மாட்டேன் என்றதால் மட்கார்ட் ரோட்டுக்குப் போகாமல் இருந்துவிடவில்லை. இன்னும் மோசமாகப் பூட்டுப்பட்டுப் போனது. என் கை படவில்லை என்பது எனக்குத்தான் ஆறுதல், பின்னுக்கு இருந்த அந்தப் பிள்ளைக்கு அதனால் என்ன? முன் விளிம்பை நான் பத்து மில்லிமீற்றர் வெட்டி, புஷ் போட்டு, போல்டின் புரிக்குக் கழன்று விழாமல் பிடிக்கிற லொக்டைட் பசை பூசி, "பெட்டி கட்டாதேங்கோ, பாரம் குறையுங்கோ" என்று அனுப்பியிருந்தால் அரைகுறையாகவாவது நல்லதாக இருந்திருக்கும். ஆனால் அப்படி அரைகுறையாகச் செய்து அனுப்பத் தொடங்கினால் இந்தத் தொழிலில் எங்கே போய் நிற்பது? இன்றைக்கு மட்கார்ட், நாளைக்கு பிரேக். எவனோ பூட்டப்போகிறான், நானே பூட்டினால் என்ன என்கிற பேச்சுக்கு எல்லை கிடையாது. இப்படிச் சொல்லும்போது சரியாகத்தான் இருக்கிறது. பொடியன் சொன்னதை நினைத்தால் அதுவும் சரியாகத்தான் இருக்கிறது.

கராஜ் வாடகை கட்டுகிற நேரத்தில் ஒரு வேலையைத் தள்ளிவிட்டதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது எனக்கு. அந்தப் பெருமையை இப்போது கணக்கில் எடுப்பதா விடுவதா என்று தெரியவில்லை.

சேர்விஸ் செய்தேன். ஒயில் மாற்றினேன். செயின் நன்றாகத் தொங்கியிருந்தது, இழுத்தேன். செயினை இழுத்தால் சில்லு பின்னுக்குப் போகும், முன் விளிம்பில் இடைவெளி கொஞ்சம் கூடும். அது தெரிந்துதான் இழுத்தேனா, செயினுக்காக மட்டும் இழுத்தேனா என்று என்னைக் கேட்டால் இரண்டும்தான். மட்கார்டைக் கழற்றச் சொல்லி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேபிள் டையை வெட்டிவிட்டு, சரியான நீளத்தில் ஒரு போல்ட் எடுத்து, புஷ் ஒன்றும் தேடி, லொக்டைட் வைத்துப் பூட்டினேன். மற்ற மூன்றையும் தட்டிப் பார்த்தேன். பில்லில் அதைப் போடவில்லை. போட்டால் அது என் வேலையாகிவிடும்.

சாவியைக் கொடுக்கும்போது, அடுத்த தடவை டயர் மாற்றும்போது 120/90 போடுங்கோ, அப்ப இந்த மட்கார்டுக்கும் இடம் வரும் என்றேன்.

"இந்த டயர் இன்னும் ஒரு வருசம் ஓடும் அண்ணா" என்றார்.